நாலாவது நிமிஷத்தில் வருபவள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீச்சலுடைக்காரி ஒருத்தி எல்லோர் முன்னாலும் வந்து நின்றது, 1999-ஆம் வருஷம் ஸ்ரீஜயந்தி அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு. பெருமாளுக்குச் சீடையும் முறுக்கும் வைத்து எடுத்து, அப்போதுதான் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தேன். என் மைத்துனன் வாமன், அதாவது என் கணவர் பராசரனுடைய ஒரே தம்பி, தன் மனைவியையும் பெங்களூரிலிருந்து வந்திருந்த மாமியாரையும் கூட்டிக்கொண்டு மைசூர் அக்ரஹாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

வந்தவன் சீடையைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். அது அவன் ஜாதகத்திலேயே கிடையாது. இரண்டு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவன், ஆபீசில் நாலு பேருக்கு எக்செல் சொல்லிக் கொடுத்தவன் என்ற பெருமை அவனை எந்த வீட்டிலும் உட்கார விடாது. மாமியாருக்கு இன்டர்நெட்டில் மேல்கோட்டைக் கோவிலைக் காட்டுகிறேன் என்று முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். மோடம் கத்தி முடித்து லைன் கிடைத்தது. அந்தக் காலத்தில் படம் என்றால் மேலிருந்து கீழாக, வரி வரியாகத்தான் இறங்கும். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பாதிக் கோபுரம் இறங்கியிருக்கும், அதன்மேல் சட்டென்று இந்தப் பெண் வந்து நின்றாள்.

வாமன் அவளை மூடினான். மீதிக் கோபுரம் இறங்குவதற்குள் சூதாட்ட விளம்பரம் ஒன்று பளிச் பளிச்சென்று வந்தது. அதையும் மூடினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவளே வந்து, இந்தத் தடவை கண்ணை வேறு சிமிட்டினாள். மாமியார் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

வாமன் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பினான். என்னையும் பார்க்கவில்லை, தன் அண்ணாவையும் பார்க்கவில்லை. நேரே என் பெண் அக்ஷதாவைப் பார்த்தான். அவளுக்குப் பத்தொன்பது வயசு. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வீட்டில் கம்ப்யூட்டரை அதிகம் தொடுகிறவள் அவள்தான்.

"இதெல்லாம் தானா வராது மன்னி," என்று என்னிடம் சொன்னான், கண்ணை அவள்மேலிருந்து எடுக்காமலே. "யாராவது இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போயிருந்தாத்தான் வரும்."

"நான் போகலை சித்தப்பா," என்றாள் அக்ஷதா.

இதற்கு முன்னால் இது வந்திருக்கிறதா என்று கேட்டான். வந்திருக்கிறது, இரண்டு மூன்று வாரமாக வருகிறது, வந்தால் மூடிவிடுவேன் என்றாள். அப்படியானால் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டான். எந்தப் பெண் அப்பாவிடம் போய், நீச்சலுடையில் ஒருத்தி வருகிறாள் என்று சொல்வாள்? இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவேளை இருக்குமோ என்று ஒரு விநாடி அவளைப் பார்த்தேன். அவள் அதே விநாடி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

வாமன் தீர்ப்பும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டு வந்து கம்ப்யூட்டரைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போவான். காலேஜ் வேலை இருந்தால் அக்ஷதா அங்கே வந்து, அவன் கண் முன்னால் செய்யலாம். என் கணவர் சரி என்று தலையாட்டினார். அவர் யாருக்குத்தான் தலையாட்டவில்லை? மாமியார் போகும்போது அக்ஷதாவின் தலையில் கைவைத்து, நல்ல புத்தி வரட்டும் என்று ஆசீர்வாதம் வேறு செய்துவிட்டுப் போனாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஒரு விநாடி நானும் அந்தக் கட்சியில்தானே இருந்தேன், எந்த முகத்தோடு தட்டுவது?

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அக்ஷதா காபி குடிக்காமல் காலேஜுக்குப் போனாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் இருந்த அறைப் பக்கமே அவள் திரும்பவில்லை.

நான் நஞ்சன்கூட்டில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இருபத்துநாலு வருஷ சர்வீஸில் பிரசவம், கல்யாணம், சாவு இவற்றுக்குத்தான் லீவு போட்டிருக்கிறேன். அன்று நீச்சலுடைக்காரிக்காக லீவு போட்டேன்.

கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது கையளவுகூட இல்லை. விசைப்பலகை பழகினது, மவுஸ் மட்டும் என் பேச்சைக் கேட்காது. ஆனால் ஒரு வேலை எனக்கு நன்றாகத் தெரியும். டைப்பிஸ்ட் என்பவள் எழுதியிருப்பதை அடிப்பாள். அர்த்தத்தை ஊகித்து அடிப்பவள் இரண்டாவது வாரமே வேலையை இழப்பாள். கண் முன்னால் என்ன இருக்கிறதோ அதை, ஓர் எழுத்து விடாமல், ஓர் எழுத்து சேர்க்காமல். எனவே சுருக்கெழுத்து நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஒன்பது பத்துக்கு இன்டர்நெட் போட்டேன். எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்பது பதினாலுக்கு அவள் வந்தாள்.

எழுதிக்கொண்டேன். மூடினேன். ஒன்பது இருபத்தைந்துக்குச் சூதாட்டம். ஒன்பது முப்பத்தாறுக்கு மறுபடியும் அவள். முதல் தடவை நாலு நிமிஷம், அப்புறம் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை. எங்கள் நஞ்சன்கூடு ரயில்கூட இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. பதினோரு மணிக்குள் பத்துத் தடவை வந்துவிட்டார்கள். நாற்பத்தாறு வயசுக்காரி, மடிசாரும் நாமமுமாக வெள்ளைப் பக்கத்தை வெறித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வருகிறாள். அப்படியென்றால் போனால்தான் வருவாள் என்பது பொய்.

எனக்கு அங்கேயே எழுந்து ஆடலாம்போல இருந்தது. ஆனால் வாமனை எனக்குத் தெரியும். அக்ஷதா முன்பே போயிருக்கிறாள், அது ஒட்டிக்கொண்டுவிட்டது, இப்போது யார் உட்கார்ந்தாலும் வருகிறது என்பான். அவள் எங்கிருந்து வந்தாள் என்று கண்டுபிடிக்காமல் என் பெண்ணின் பெயர் சுத்தமாகாது.

எங்கள் தெரு முனையில், பூக்கடைக்குப் பக்கத்தில், பசவராஜ் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலு கம்ப்யூட்டர், நாலு மரத் தடுப்பு. நோட்டோடு போய் உட்கார்ந்து பிரவுசரைத் திறந்தேன். கால் மணி நேரம் யாரும் வரவில்லை. சரி, இதற்கும் எங்களுடையதற்கும் என்ன வித்தியாசம்? அவருடைய பிரவுசரின் மேல்பக்கத்தை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டேன். மேலே மூன்று பட்டை. ஒன்றில் ஃபைல், எடிட் என்று வார்த்தைகள். அடுத்ததில் அம்புக்குறிப் படங்கள். மூன்றாவதில் விலாசம் எழுதுகிற இடம். அவ்வளவுதான்.

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். எங்களுடையதில் நாலு பட்டை. நாலாவதில் ஒரு சின்னப் பட்டாம்பூச்சி, பக்கத்தில் தேடுகிறதற்கு ஒரு கட்டம், பரிசு வெல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பொத்தான். மூன்று வாரமாக அந்தப் பட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ அலங்காரம், அழகாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். திருடன் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான், நான் அவனுக்கு விசிறி வீசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுபடியும் பசவராஜிடம் போனேன். நான் வரைந்ததைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இது பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற குட்டி புரோகிராம், விளம்பரம் காட்டுவதுதான் இதற்குத் தொழில், இரண்டு மாதமாக இதைப் பார்க்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். கம்ப்யூட்டரைக் கொண்டு வாருங்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டுத் தருகிறேன் என்றார். அக்ஷதாவின் காலேஜ் வேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம் எனக்கு வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கிற புரோகிராம்களின் பட்டியல் எங்கே இருக்கும், அதிலிருந்து ஒன்றை நீக்குவது எப்படி, ஒன்று எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்பது எப்படி என்று மெதுவாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

பட்டியலில் பட்டாம்பூச்சி இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, கடைக்குப் போகும்போது துணைக்கு வருகிறவன் என்ற அர்த்தத்தில் இன்னொரு பெயர். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? பட்டாம்பூச்சியை நீக்கச் சொன்னேன். நீளமாக ஏதோ கேட்டது. யெஸ் என்று அழுத்தினேன். நன்றி சொன்னது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டேன். பட்டாம்பூச்சி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது தடவையும் அதே கதை. அப்போதுதான் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இருபத்துநாலு வருஷமாக மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறவள், பொத்தானைப் பார்த்தேனே தவிர எழுதியிருப்பதைப் படித்தேனா? மூன்றாவது தடவை, டைப் அடித்த காகிதத்தை மூலத்தோடு ஒப்பிடுகிற மாதிரி, விரலை வைத்து வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். நீக்கலாமா என்று அது கேட்கவே இல்லை. இந்த இலவச சேவை உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தது. நானும் இரண்டு தடவை வேண்டும், வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எழுதினவன் கெட்டிக்காரன்தான். அவன் என் கையில் அகப்பட்டால் அவனையே ஆயிரம் பக்கம் டைப் அடிக்க வைப்பேன்.

நோ என்று அழுத்தினேன். பட்டாம்பூச்சி போயிற்று. வெற்றி என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டேன். இன்டர்நெட் போட்டேன், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது.

இரண்டையும் மாற்றி மாற்றி நீக்கிப் பார்த்து எழுதினதில், காரணம் நோட்டிலேயே தெரிந்தது. பட்டாம்பூச்சியை நீக்கினால், துணைக்கு வருகிறவன் போன் லைன் கிடைத்ததும் அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறான். அவனை நீக்கினால் பட்டாம்பூச்சி அவனைக் கூட்டி வருகிறது. ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு பாசம். சனிக்கிழமையும் லீவு போட்டேன். முதலில் போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். இரண்டு பேரையும் ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்துப் படித்து, நீக்கினேன். அணைத்துப் போட்டேன். பட்டியலில் இரண்டு பெயரும் இல்லை. மேலே மூன்றே பட்டை. வயரைச் செருகினேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை.

சந்தோஷம் தாங்காமல் தளிகை அறைக்குப் போய் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு விஷயம் பாக்கி. நீக்குவதற்கு முன்னால், பசவராஜ் சொன்னபடி பட்டாம்பூச்சி இருந்த ஃபோல்டரின் தேதியைப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். ஆகஸ்ட் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பத்திரண்டு. சுதந்திர தினம். நான் நஞ்சன்கூட்டில் ஆபீஸ் கொடியேற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்ஷதா என்.சி.சி. உடுப்பில் மைதானத்தில் அணிவகுப்பில் இருந்தாள். வீட்டில் இருந்தவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை அரை நாள் பேங்க் வேலை முடிந்து மத்தியானம் வந்தவருக்கு ஒரு வாய்க் காபி கொடுத்துவிட்டு, ஆகஸ்ட் பதினைந்து அன்று காலை கம்ப்யூட்டரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என் கணவருக்கு ஒளிக்கத் தெரியாது. அமெரிக்காவில் இருக்கிற அவருடைய அத்தை பிள்ளை சுதந்திர தின வாழ்த்து அட்டை ஒன்று ஈமெயிலில் அனுப்பியிருந்தான். திறந்தால் கொடி பறக்குமாம், பூ தூவுமாம். திறந்திருக்கிறார். அது என்னமோ கேட்டதாம். யெஸ் சொன்னாராம். இன்னொன்று கேட்டதாம். அதற்கும் யெஸ். ஏழு தடவை கேட்டது என்றார்; எண்ணியிருக்கிறார். எதற்காவது நோ சொன்னீர்களா என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா எப்படிடி இல்லேன்னு சொல்றது?" என்றார்.

எங்கள் வீட்டைத் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். எங்கள் வீட்டில் அரிசி தீராது, நிறைந்திருக்கும். விளக்கை அணைக்க மாட்டோம், மலையேற்றுவோம். பண்டிகை நாளில், புதுச் சாமான் முன்னால், இல்லை வேண்டாம் என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. இதை அவர் தன் பேச்சோடு நிறுத்தாமல் மவுஸுக்கும் கொண்டு போயிருக்கிறார். கம்ப்யூட்டர் வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது, கேட்டதற்கு முதலிலேயே நோ சொன்னால் அபசகுனம் என்று, விடாமல் மங்களமாக யெஸ் சொல்லியிருக்கிறார். கோபிக்கப் போனவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தான் செய்த காரியத்துக்குப் பெண் பேச்சு வாங்கியிருக்கிறாள் என்று புரிந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. இப்போதே வாமனுக்குப் போன் செய்து சொல்கிறேன் என்று எழுந்தார். நான் தடுத்தேன். நீங்கள் சொன்னால் வாமன் நம்புவானா? பெண்ணைக் காப்பாற்ற அண்ணா பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்பான். நீங்கள்தான் எல்லாவற்றுக்கும் சரி என்கிறவராயிற்றே. அவன் கையாலேயே அவனுக்குக் காட்ட வேண்டும் என்றேன்.

அன்று சாயங்காலம் அந்த வாழ்த்து அட்டையைத் திறந்து, நானே அவளை வரவழைத்து, நானே விரட்டினேன். மூன்று தடவை ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது தடவை விரட்டுவதற்கு ஆறு நிமிஷம் ஆயிற்று. அக்ஷதா காலேஜிலிருந்து வந்தவள் வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்பாள், சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்காமல் உள்ளே போய்விட்டாள். நான் வயரை மறுபடி செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. கம்ப்யூட்டரைத் தன் வீட்டில் இறக்கிவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போவதாகத் திட்டமாம். மனைவியும் மாமியாரும்கூட வந்திருந்தார்கள். சாட்சிகள் குறையவில்லை என்று எனக்குத் திருப்தி. காபி கொடுத்தேன். அக்ஷதாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். வா, எனக்காக வா என்றேன். வந்து சுவரோடு சாய்ந்து நின்றாள்.

எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடு என்று வாமனிடம் சொன்னேன். உட்கார்ந்தான். லைன் கிடைத்தது. மாமியார் ஆசைப்பட்ட கோபுரத்தை அடிவரைக்கும் இறக்கிக் காட்டினான். இருபது நிமிஷம் ஆயிற்று. யாரும் வரவில்லை.

வாமனுக்கு அது சந்தோஷமாக இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, போன இடங்களின் பட்டியலை அழித்துவிட்டால் இப்படித்தான் சுத்தமாகத் தெரியும், இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் தெரியும் என்றான். அக்ஷதா தலையைக் குனிந்துகொண்டாள். இதைத்தான் சொல்வான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். இருந்தும் ரத்தம் கொதித்தது.

"இருக்கட்டும் வாமா. உங்க அத்தை பிள்ளை ஒரு வாழ்த்து அனுப்பிச்சிருக்கான். நீயே திறந்து உங்க மாமியாருக்குக் காட்டு."

திறந்தான். கொடி பறந்தது, பூ தூவியது. மாமியார் ரசித்தாள். கேள்வி வந்தது. இரண்டு கோர்ஸ் முடித்த மகா பண்டிதன் ஒரு வரி படித்தானா? யெஸ், யெஸ், யெஸ் என்று டக் டக்கென்று அழுத்திக்கொண்டே போனான். அண்ணாவாவது சகுனத்துக்காக அழுத்தினார். இவன் எல்லாம் தெரியும் என்ற தெம்பில் அழுத்தினான். மேலே பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"நாலாவது நிமிஷம் அவ வருவா," என்றேன்.

யார் மன்னி என்றான். கோபுரத்தையே பார்த்துக்கொண்டிரு, வேறெங்கும் போகாதே என்றேன். சிரித்தான். ஒரு நிமிஷம் ஆயிற்று. அவன் மனைவி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு நிமிஷம். என் கணவர் வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். மூன்று. அக்ஷதா சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். வராமல் ஏமாற்றிவிடுவாளோ என்று பயந்தேன். இரண்டு நாளாக யாரை விரட்டினேனோ அவளை, வாடி அம்மா, வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வந்தாள். பெருமாள் கோபுரத்துக்கு நட்டநடுவில், அதே நீச்சலுடையில், அதே கண் சிமிட்டலோடு வந்தாள்.

"இப்போ இந்த இடத்துக்குப் போனது யாரு, வாமா?" என்று கேட்டேன்.

அவன் மூடினான். காது நுனிவரைக்கும் சிவந்துவிட்டது. மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். நான் எங்கேயும் போகவில்லை, நீங்களெல்லாம் பக்கத்திலேயே இருந்தீர்களே என்றான் வாமன். இன்னும் பதினோரு நிமிஷத்தில் சூதாட்டக்காரன் வருவான், அவனையும் பார்த்துவிட்டுப் பேசு என்றேன். பதினோராவது நிமிஷம் அவனும் வந்தான்.

அப்போது என் கணவர் எழுந்து நின்றார். நிறுத்தாமல் சொன்னார். சுதந்திர தினத்தன்று இதைத் திறந்தது நான், யெஸ் சொன்னது நான், அக்ஷதா அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. ஸ்ரீஜயந்தி சாயங்காலம் உன் பேச்சுக்கு நான் சரி என்று தலையாட்டியது அதைவிடப் பெரிய தப்பு. கம்ப்யூட்டர் எங்கேயும் போகாது. தம்பியிடம் அவர் முடியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நான் போன் வயரைப் பிடுங்கி, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தேன், மாமியாருக்கும் கேட்கட்டும் என்று. உங்களுக்கு இந்தச் சேவை தொடர்ந்து வேண்டுமா? வேண்டாம். எங்களைப் பிரிவதில் வருத்தமா, திரும்ப வரலாமா? வரக் கூடாது. அணைத்துப் போட்டேன். மூன்றே பட்டை. வயரைச் செருகி, நாலு நிமிஷமும் அதற்குமேல் பதினோரு நிமிஷமும் எல்லோரையும் உட்கார வைத்தேன். பட்டாம்பூச்சி இல்லை, அவள் இல்லை, சூதாட்டம் இல்லை. மைசூர் தசராவில் யானைமேல் உட்கார்ந்து போனால்கூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்திருக்காது.

வாமன் என்னிடம் வந்து, மன்னி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். என்னிடம் எதற்கு என்றேன். அவன் அக்ஷதா பக்கம் திரும்பினான். கஷ்டப்பட்டுத்தான் திரும்பினான். அதையும் சொல்ல வேண்டும்.

"தப்பு என்னோடதுதான் குழந்தே," என்றான். "ஆனா நீ அன்னிக்கே எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே சித்தப்பா," என்றாள் அக்ஷதா. "நான் போகலைன்னு சொன்னேன்."

கடிகாரம் வைத்து, நோட்டுப் போட்டு, இரண்டு நாள் லீவெடுத்து நான் நிரூபித்தது, அவள் அன்று மூன்று வார்த்தையில் சொல்லி முடித்ததைத்தான். அவள் பார்வை வாமனை விட்டு என்மேல் வந்து நின்றது.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். "நானும் ஒரு க்ஷணம் நம்பலைடி. தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும்மா. பார்த்தேன்," என்றாள். மூன்று நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக அம்மா என்று சொன்னாள். அப்புறம் என் தோளைத் தொட்டு, எழுந்துக்கோ என்றாள். நான் எழுந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் காலேஜ் வேலையைத் திறந்தாள். நாங்கள் ஐந்து பேரும் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.

"எல்லாரும் வெளியில போங்கோ," என்றாள், திரும்பாமலே. "எனக்கு வேலை இருக்கு."

போனோம். வாமன்தான் முதலில் போனான். கடைசியாக நான் வெளியே வந்ததும் அவள் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்து வை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.